கயிறு மாறினால் குதிரை உங்களுடையது! சங்கரன்கோவில் டு அந்தியூர்: பட்ஜெட்டில் குதிரை வாங்கப் போகும் பாதை

ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் ரத வீதிகளில் நடக்க இடம் இருக்காது. ஆடித்தபசு! கோமதி அம்மன் தவமிருந்து, சிவனும் திருமாலும் ஒரே உருவாகச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த நாளைப் பார்க்க நெல்லைச் சீமையே திரண்டு வரும். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே வந்தால், திருவிழாக் கடைகள். வளையல், பாத்திரம், ராட்டினம், பிளாஸ்டிக் குதிரை.

பிளாஸ்டிக் குதிரை கேட்டு அழும் குழந்தையைச் சமாளித்துவிடலாம். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன், போனில் வீடியோ பார்த்துவிட்டு நிஜக் குதிரை கேட்டால்?

ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு விசைத்தறி வேலை. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், இரண்டு ஆடு. சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் கையில் இருக்கிறது. 'கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் குதிரையே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்பா' என்கிறான் பையன். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. அப்பாவுக்குப் பாதி நம்பிக்கை.

இந்த ஒரு லட்சம் போதுமா? போதும், போதாது என இரண்டு பதிலும் சரிதான். எது சரி என்பது சந்தைக்குப் போய்த் திரும்பும் பாதையில்தான் தெரியும்.

ஒரே ஆடி, இரண்டு திருவிழா

தமிழ்நாட்டில் குதிரை வாங்க வேண்டுமென்றால் முதலில் வாயில் வரும் பெயர் அந்தியூர். ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்கும் ஆடியில்தான் திருவிழா. அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் பர்கூர் மலைமாடு, காங்கேயம் காளை, ஆடு எல்லாம் வந்தாலும், கூட்டம் சுற்றி நிற்பது குதிரைகளைத்தான். பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வியாபாரிகள் லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்க இங்கே ஆள் வந்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சங்கரன்கோவிலிலிருந்து அந்தியூருக்குச் சுமார் 350 கிலோமீட்டர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை. அங்கே ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ஈரோடு பஸ். திண்டுக்கல், கரூர் தாண்டி ஈரோடு. அங்கிருந்து பவானி வழியாக ஒரு மணி நேரப் பயணம். விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம்.

போகும்போது பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு. திரும்பும்போது குதிரையோடு அதே 350 கிலோமீட்டர் வண்டி வாடகை. பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டிய தொகை இதுதான். குதிரை விலையைப் பற்றியே யோசிக்கும் பலர் இதை மறந்துவிடுவார்கள்.

மதுரையில் ஒரு நிறுத்தம்

மதுரையில் பஸ் மாறும் நேரத்தில் ஒரு பழைய கதையை நினைத்துக்கொள்வது நல்லது. தமிழில் குதிரை வியாபாரம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது மாணிக்கவாசகர் கதை.

பாண்டியன் அரிமர்த்தனனின் அமைச்சர் அவர். குதிரை வாங்கி வரச் சொல்லி அரசன் கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறான். போகும் வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பணம் முழுவதையும் கோயில் பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். குதிரை எங்கே என்று அரசன் கேட்க, சிவபெருமான் நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி, தானே வியாபாரி வேடத்தில் மதுரைக்கு ஓட்டி வருகிறார். அரசனுக்கு ஏக மகிழ்ச்சி. அன்று இரவே லாயத்தில் குதிரைகள் மீண்டும் நரியாகி, அங்கிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் 'நரியைப் பரியாக்கிய லீலை' இன்றும் நடக்கிறது.

பக்திக் கதை என்பதைத் தாண்டி, இதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றும் சடங்கு நடக்கும். விற்பவர் கையிலிருந்த கயிறு வாங்குபவர் கைக்கு மாறிவிட்டால், அதன்பிறகு குதிரைக்கு என்ன ஆனாலும் விற்றவர் பொறுப்பில்லை. பாண்டியனால் மறுநாள் வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. இன்றைய சந்தையிலும் இதுதான் வழக்கம். பகலில் துள்ளிய குதிரை, இரவில் வீட்டு லாயத்தில் நொண்டினால் அது உங்கள் குதிரைதான்.

ஆகவே பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் கயிறு மாறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சந்தைக்குள் நுழைந்தால்…

பவானியில் காவிரிக் கரையையும் ஜமக்காளக் கடைகளையும் தாண்டி அந்தியூர் வந்து புதுப்பாளையம் போனால், கனைப்புச் சத்தமும் மேளச் சத்தமும் சேர்ந்தே காதில் விழும். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றி நூறு செல்போன்கள். பையன் அங்கேயே நின்றுவிடுவான். அப்பா அவன் கையைப் பிடித்து நகர்த்த வேண்டிய இடம் அது. ஆடும் குதிரைக்கு ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

மார்வாரி, கத்தியவார் குதிரைகளைக் காதைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். உயரமும் நடையும் சேர்ந்தால் இவற்றின் விலை லட்சங்களில் பேசப்படும். வெள்ளை வெளேரென்ற நொக்ரா குதிரைக்கும் கல்யாண ஊர்வலக் கிராக்கியால் நல்ல விலை. மட்டக்குதிரையும் கலப்புக் குதிரையும்தான் பத்தாயிரங்களில் கிடைக்கும். ஒரு லட்சத்தோடு வருபவர் நிற்க வேண்டிய வரிசை இதுதான்.

இங்கேயே ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பொதுவான அளவு. மட்டக்குதிரை 250 கிலோ என்றால், சேணத்தோடு சேர்த்து 50 கிலோ. பையன் ஏறலாம். அப்பா ஏறக்கூடாது. பையனும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான். மணமாலை, பட்டுவேட்டியோடு எழுபது எண்பது கிலோ மாப்பிள்ளை ஏறினால்? கல்யாண வாடகைக் கனவுக்கு மட்டக்குதிரை சரிவராது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

சுழி சுத்தமா?

வியாபாரி குதிரையின் நெற்றியையும் கழுத்தையும் காட்டி, "சுழி சுத்தம்" என்பார். மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வது நீண்டகால நம்பிக்கை. நல்ல சுழி என்றால் விலை ஏறும். ஆகாத சுழி என்றால் இறங்கும்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பட்ஜெட்காரருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குதிரையின் நடைக்கும் மூச்சுக்கும் வயிற்றுக்கும் சுழியோடு சம்பந்தமில்லை. திடமான குதிரை ஒன்று சுழி சரியில்லை என்ற ஒரே காரணத்தால் குறைந்த விலைக்கு நிற்கலாம். அதை வாங்குபவருக்கு லாபம்தான். ஒரே சிக்கல், நாளை விற்கப் போனால் அடுத்தவரும் அதே சுழியைக் காட்டி விலையைக் குறைப்பார். விற்கும் எண்ணம் இல்லாதவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

வாயைப் பார்த்து வயதைச் சொல்

பேரம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"வாங்க தம்பி, வாங்கண்ணா. இந்தக் குதிரை அஞ்சு வயசுதானுங்க. வாயைத் திறந்து பாத்துக்கோங்க."

"வாய் இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் நடத்திக் காட்டுங்க."

"நடை என்னங்க, ஓட்டியே காட்டறேனுங்."

இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் வாய். குதிரைக்கு முன்பல் பால்பற்கள் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கும். நடுஜோடி இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரஜோடி நாலரையில். ஐந்து வயதில் எல்லாம் நிலைப்பற்கள். அதற்குப்பின் பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல முடியும். மேல்வரிசை ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தொடங்கியிருந்தால் பத்து வயதைத் தொட்டுவிட்டது என்று பொருள். கோடு பாதிப் பல் வரை இறங்கியிருந்தால் 15, முழுப்பல் என்றால் 20 வாக்கில். தீவனத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும்.

வயது அதிகம் என்றால் உடனே வேண்டாம் என்று நகர்ந்துவிடத் தேவையில்லை. குதிரை 25 முதல் 30 வருடம் வரை வாழும். புதிதாகக் குதிரை ஏறும் பையனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயதுச் சாதுவான குதிரைதான் நல்ல வாத்தியார். விலையும் குறைவு. சந்தையில் மலிவாகவும் அழகாகவும் தெரிவது குட்டிகள்தான். ஆனால் எலும்பு முற்றாத குட்டியின் மீது ஏறக்கூடாது. வளர்ந்தபின் பழக்க ஒரு தேர்ந்த ஆள் வேண்டும். பழகாத பையனும் பழகாத குதிரையும் சேர்ந்தால், முடிவில் இருவருக்கும் அடிதான்.

நடையில் தெரியும் நொண்டி

அடுத்து நடை. மணலில் எல்லாக் குதிரையும் நன்றாகத்தான் நடக்கும். கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேராக ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியது குதிரையின் தலையை. முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலை ஒரே மட்டத்தில் போனால் நிம்மதி. கயிற்றை இறுக்கி, தலையைத் தூக்கிப் பிடித்தபடியே ஒருவர் ஓட்டிக் காட்டினால், இன்னொரு முறை தளர்த்தி ஓட்டச் சொல்ல வேண்டும்.

நான்கு காலையும் தூக்கிக் குளம்பைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நாற்றம், ஒரு குளம்பில் மட்டும் சூடு, மூன்றும் கெடுதல். காலைத் தூக்கவே விடாத குதிரைக்கு லாடம் அடிப்பது ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டம்தான். முன்பற்களின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் கெட்ட பழக்கம் இருக்கலாம்.

ஒரே குதிரையை இரண்டு வேளை பார்ப்பது அதைவிட முக்கியம். சாயங்காலக் கூட்டத்தில் பார்த்ததை, மறுநாள் விடியற்காலையில், அது படுத்து எழும் நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எழும்போது கால் பிடித்துக்கொள்கிறதா, சாணம் கெட்டியாக இருக்கிறதா, தீவனத்தை ஆவலாகத் தின்கிறதா? நேற்றுச் சாதுவாக, கீழுதடு தொங்க நின்ற குதிரை இன்று முரண்டு பிடித்தால், அந்தச் சாதுத்தனத்துக்கு மருந்து காரணமாக இருக்கலாம். ஏறிப் பார்ப்பதற்கு முன் விற்பவர் ஆளை ஏறிக்காட்டச் சொல்லலாம். அவர் தயங்கினால் பையன் ஏற வேண்டியதில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்ட முடிந்தால், மிச்சம் பிடிக்க நினைக்கும் பணத்தில் சிறந்த செலவு அதுதான். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இதை அவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். மூக்கில் சளி, தோலில் புண் இருந்தால் இன்னும் கவனம். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவும். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைச் சட்டப்படி கொன்றுதான் ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

துண்டுக்குள் விலை

மாட்டுச் சந்தைகளைப் போலவே துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் உண்டு. பழக்கமில்லாதவர் வாயால் பேசுவதே நல்லது. தரகுக் கூலி யார் கொடுப்பது, எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கடைசி நாளில் விலை இறங்கும் என்பார்கள். விற்காத குதிரையைத் திருப்பிக் கொண்டுபோக வியாபாரிக்கும் லாரி வாடகை ஆகும் என்பதால் அதில் உண்மை உண்டு. ஆனால் நல்லதை அதற்குள் யாராவது பிடித்துப் போயிருப்பார்கள். கடைசி நாள் மீதியிலிருந்து தேர்ந்தெடுக்கக் கண் வேண்டும்.

விலை படிந்தால், ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்க வேண்டும். நிறம், அடையாளம், வயது, தொகை, இருவரின் கையெழுத்து, போன் நம்பர், நான்கு பக்கமும் போட்டோ. கால்நடை மருத்துவரின் பயணத் தகுதிச் சான்று இல்லாமல் வண்டியில் ஏற்றக்கூடாது, அது சட்டம். வண்டியில் தரை வழுக்காமல் இருக்க மணலோ வைக்கோலோ பரப்பி, வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டி, வெயில் தாழ்ந்தபின் ஓட்டினால் குதிரை சோர்வில்லாமல் ஊர் வந்து சேரும்.

காயலில் பாண்டியன் போட்ட தப்புக்கணக்கு

ஊர் வந்தாகிவிட்டது. சீட்டுப் பணத்தில் குதிரை விலை போக, தரகு போக, வண்டி வாடகை போக, மீதி ஏதோ இருக்கிறது. ஒரு லட்சம் போதும் என்ற பதில் இதுவரைதான். இனிமேல்தான் நிஜமான கணக்கு தொடங்குகிறது. இதே பாண்டிச் சீமையில் அந்தக் கணக்கில் தோற்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, அரசர்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து தென்கிழக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய காயல். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் அது பெரிய துறைமுகம். ஏடன், ஹோர்முஸ், கீஷ் தீவிலிருந்தெல்லாம் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அங்கே வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சீமையை ஆண்ட அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாதாம்.

ஏன்? பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. வேகவைத்த அரிசியும் இறைச்சியும் குதிரைக்குத் தீவனமாகப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வரும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் விலையையும் குறித்திருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்தே பணம் போனது. முத்துக்குளித்துச் சேர்த்த செல்வம் இப்படி லாயத்தில் கரைந்தது.

வாங்கும் பணம் அவர்களிடம் இருந்தது. வளர்க்கும் வழிதான் இல்லை. பட்ஜெட் என்றால் வாங்கும் விலை என்று நினைப்பவர்கள் இன்றும் அதே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒரு வருடத்துக்கு இரண்டு டன்

குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் இரண்டு சதவிகிதம் காய்ந்த தீவனம் தின்னும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு ஐந்து கிலோ. மாதம் 150 கிலோ. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன். இதில் பெரும்பகுதி நல்ல காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். வெறும் வைக்கோலில் சத்து போதாது. வேலை செய்யும் குதிரைக்கு மேற்கொண்டு கொள்ளு. சங்கரன்கோவில் பக்கம் சொல்வதுபோல் 'காணம்'. அதை ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தினமும் 20, 25 லிட்டர். கரிசல் காட்டு வெயிலில் இன்னும் கூடும். உள்ளூர் விலையில் பெருக்கிப் பார்த்தால் மாதச் செலவு கையில் வந்துவிடும்.

வீட்டில் மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடக் கூடாது. கோழிக்கும் மாட்டுக்கும் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து, சிறு அளவில்கூடக் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

குளம்பு சீவி லாடம் மாற்றுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை. மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லோரும் குதிரைக்கு அடித்துவிட மாட்டார்கள். அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியக் குதிரைகள், 2019-ல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரை குறையக் குறைய, அதை நம்பிய கைத்தொழிலும் குறைகிறது. குதிரையைத் தேடும் முன் லாடக்காரரைத் தேடு என்பது நல்ல புத்தி.

மருத்துவம்? டெட்டனஸ், வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள், குடற்புழு மருந்து இவை எல்லாம் திட்டமிட்ட செலவு. திட்டமிடாதது வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது சேராவிட்டால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பிறாண்டும், புரளும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் குதிரை இருக்காது. சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரு ஆறுதல், திருநெல்வேலி போகும் சாலையில் ராமையன்பட்டியிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012-ல் தொடங்கியது. ராத்திரியில் குதிரையை ஏற்றிப்போக வண்டிக்காரர் நம்பரும், அதற்கென்று எடுத்து வைத்த பணமும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும். கூட ஒரு குதிரை வாங்க முடியாதவர்கள் ஆட்டைத் துணைக்கு விடுவார்கள். அந்த அப்பா வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஆடு இருக்கிறது. பட்ஜெட்டில் மிச்சமானது அது ஒன்றுதான்!

முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

கல்யாண வாடகைக் கணக்குக்கு வருவோம். ஆடியில் முகூர்த்தம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மூன்று மாதமும் குதிரைக்குப் பசி மட்டும் உண்டு. வெடிச் சத்தம், டிரம்ஸ், டிராபிக் எல்லாவற்றுக்கும் பழகிய உயரமான குதிரைக்குத்தான் ஊர்வலத்தில் வேலை. அந்தக் குதிரை ஒரு லட்சத்துக்குள் கிடைப்பது கடினம்.

ஐந்து வயதில் வாங்கிய குதிரை இன்னும் இருபது வருடம் இருக்கும். இன்று பத்தாம் வகுப்புப் பையனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவன் காலேஜ் போவான், சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போவான். விடியற்காலையில் லாயத்தைக் கூட்டி, தண்ணீர் காட்டப்போவது அம்மாதான். அம்மாவுக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான். இந்த வீட்டில் முதலில் சம்மதம் வாங்க வேண்டியதும் அவரிடம்தான்.

உண்டியல் சொல்லும் பதில்

அப்படியானால் குதிரையே வேண்டாமா? அப்படியில்லை. கணக்கை முதலில் முடித்துவிட்டால் போதும்.

ஒரு உண்டியல் எடுத்துக்கொள்ளலாம். குதிரை வந்துவிட்டதாகவே நினைத்து, தினமும் தீவனக் காசை அதில் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லாடக் காசு. மருத்துவத்துக்கு மாதம் ஒரு தொகை. விடியற்காலை வேலையைப் பையனே ஆட்டுக்குச் செய்ய வேண்டும். வேறு யாராவது குதிரை வைத்திருந்தால், பள்ளி விடுமுறையில் அங்கே போய்ச் சாணம் அள்ளி, குளிப்பாட்டிப் பழக வேண்டும். மூன்று மாதம் உண்டியலில் கைவைக்காமல், ஒரு நாளும் எழுந்திருக்கச் சோம்பாமல் ஓட்டிவிட்டால், அந்த வீட்டுக்கு ஒரு லட்சம் போதும். சீட்டுப் பணம் குதிரைக்கு, மாதப் பணம் குதிரையின் வயிற்றுக்கு.

உண்டியல் ஆடிக்கு முன்பே உடைந்துவிட்டால், ஒரு லட்சம் மட்டுமல்ல, இரண்டு லட்சமும் போதாது. அதைத் தெரிந்துகொள்ள ஆன செலவு ஒரு மண் உண்டியல் விலை. பாண்டியனுக்கு அந்தப் பாடம் குதிரைக்கு 220 தினார்.

முதல் ஆடிக்கு அந்தியூருக்குக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். பணம் வீட்டிலேயே இருக்கட்டும். வாய் பார்க்க, நடை பார்க்க, பேரம் கேட்கப் பழகிவிட்டு, பவானியில் ஒரு ஜமக்காளம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அடுத்த ஆடியும் வரும். தபசுக் கூட்டமும் வரும், அந்தியூர் லாரிகளும் வரும். அப்போதும் பையன் குதிரை கேட்டால், அம்மா அதற்குத் தலையாட்டினால், கயிற்றைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம்.